பெயர் தெரியாத வீரனுக்குப் பெயர்த்தகடு: பித்தளையில் கையாலேயே செய்வது எப்படி?

கருந்தூரிகை

வணக்கம். 75 மி.மீ. உயரமுள்ள ரோமப் படைவீரன் சிற்றுருவம் ஒன்றுக்கு வண்ணம் தீட்டி முடிக்கும் கட்டத்தில் இருக்கிறேன். லீஜியன் எனப்படும் ரோமப் பெரும் படைப்பிரிவின் கழுகுச் சின்னத்தைத் தாங்கிச் செல்லும் அக்விலிஃபர். கி.மு. 55இல் சீசரின் கப்பல்கள் பிரிட்டன் கரையை நெருங்கியபோது, தண்ணீரின் ஆழத்துக்கு அஞ்சி வீரர்கள் தயங்கினார்கள். பத்தாம் லீஜியனின் கழுகு தாங்கி முதலில் குதித்து எதிரிகளை நோக்கி நடந்தான் என்று சீசரே எழுதிவைத்திருக்கிறார். அந்த நொடிதான் என் காட்சி. முழங்காலுக்கு மேல் கடல்நீர், அடியில் கூழாங்கற்கள், கையில் கழுகு.

பீடம் தயார். கறுப்புச் சாயம் ஏற்றிய மரக்கட்டை, மேற்பரப்பு 50 மி.மீ. சதுரம், உயரம் 60 மி.மீ. முன்பக்கம் வெறுமையாக இருக்கிறது. அங்கே பித்தளையில் ஒரு பெயர்த்தகடு வேண்டும். லேசரில் செதுக்கித் தருபவர்களிடம் கொடுத்தால் ஒரே நாளில் வந்துவிடும், தெரியும். ஆனால் கவசத்தின் ஒவ்வொரு வளையத்தையும் நானே தீட்டியிருக்கிறேன். தகட்டை மட்டும் பிறர் கையில் கொடுக்க மனம் ஒப்பவில்லை.

எழுத்து தமிழில்தான் இருக்க வேண்டும். தாளில் சிறிய அளவில் அச்சிட்டுப் பார்த்தால் ணு, ஞ, ஜி போன்றவற்றின் உள்வெளி அடைபட்டுக் கறுப்புப் பொட்டாகிவிடுகிறது. உலோகத்தில் இது இன்னும் மோசமாகுமா?

கடைசியாக, எல்லாவற்றையும்விட என்னைத் தொந்தரவு செய்யும் கேள்வி: தகட்டில் என்ன எழுதுவது? இந்த மனிதனின் பெயரைச் சீசர் குறிப்பிடவே இல்லை.

கையில் இருப்பவை: இழை ரம்பம், அரங்கள், சிறிய துளைக்கருவி, லேசர் அச்சுப்பொறி.

வெண்தாள்

உலோகத்தில் இறங்குவதற்கு முன் ஒரு சுலப வழி சொல்கிறேன். தங்க நிற எழுத்துகளை வீட்டு அச்சுப்பொறி அச்சிடாது. ஆகவே தலைகீழாக யோசியுங்கள். ஒளி ஊடுருவும் டெக்கால் தாளில் (தண்ணீரில் நனைத்து, அச்சுப் படலத்தை மட்டும் நகர்த்தி ஒட்டும் தாள்) கறுப்புக் கட்டம் ஒன்றை அச்சிட்டு, எழுத்துகளை மட்டும் வெறுமையாக விடுங்கள். அரை மி.மீ. பிளாஸ்டிக் தகட்டுக்குத் தங்க வண்ணம் அடித்து, வழவழப்பான வார்னிஷ் பூசி, அதன்மேல் டெக்காலை ஒட்டினால் கறுப்புப் பின்னணியில் தங்க எழுத்து கிடைத்துவிடும். லேசர் அச்சு தண்ணீரில் கரையாது. மை தெளிக்கும் அச்சுப்பொறியாக இருந்தால் டெக்காலை நனைக்கும் முன்பே வார்னிஷ் தெளித்துக்கொள்ள வேண்டும். கடைசியில் எல்லாவற்றின் மேலும் மங்கல் வார்னிஷ். மார்பளவு உருவங்களுக்கெல்லாம் நான் இதைத்தான் செய்கிறேன்.

அரம்பிடித்தவர்

வெண்தாள் சொன்ன முறை நல்லது, சுத்தமாகவும் வரும். ஆனால் கேட்டவர் பித்தளை என்கிறார், கையால் என்கிறார். அந்த ஆசைக்கு மதிப்புக் கொடுத்துப் பதில் எழுதுகிறேன். கொஞ்சம் நீளும்.

உங்கள் கடைசிக் கேள்வியிலிருந்துதான் தொடங்க வேண்டும். பலர் தகட்டை வெட்டி, தேய்த்து, மினுக்கிய பிறகு வாசகத்தைத் தேடுகிறார்கள். வாசகம்தான் தகட்டின் நீளத்தையும் எழுத்தின் உயரத்தையும் முடிவு செய்கிறது, ஆகவே அதை முதலில் எழுதி முடியுங்கள். அதற்கு நான் வைத்திருக்கும் விதி ஒன்றே: கண் ஏற்கெனவே பார்த்துவிட்டதைத் தகடு திரும்பச் சொல்லக் கூடாது. அவன் கையில் கழுகு இருக்கிறது, ஆகவே ‘கழுகு தாங்கி’ வேண்டாம். தலைக்கவசத்தைப் பார்த்தாலே ரோமன் என்று தெரியும், ஆகவே ‘ரோம வீரன்’ வேண்டாம். உருவத்தால் சொல்ல முடியாதது எது? இவன் குதித்தபோது பின்னால் இருந்தவர்கள் எவரும் இன்னும் குதிக்கவில்லை என்பது. உங்கள் பீடத்தில் அவன் ஒருவன்தான் நிற்கிறான். தயங்கி நின்ற படை முழுவதும் காட்சிக்கு வெளியே இருக்கிறது. அதைத் தகடுதான் சொல்ல வேண்டும். நானாக இருந்தால் இப்படி எழுதுவேன்:

முதலில் குதித்தவன்
பத்தாம் லீஜியன் · கி.மு. 55

பெயர் தெரியாதவனுக்குப் பெயர் சூட்டத் தேவையில்லை. அவன் செய்ததே அவனுக்குப் பெயராக நிற்கட்டும். இரண்டாவது வரியின் நடுப்புள்ளியை வேண்டுமென்றேதான் வைத்தேன். ரோமக் கல்வெட்டுகளில் சொற்களுக்கு இடையே இப்படிப் புள்ளி வைப்பது வழக்கம், பல இடங்களில் அது சிறு முக்கோணமாகவே இருக்கும். நீங்களும் முக்கோணமாக வைக்கலாம். தெரிந்தவர் ஒருவர் அதைக் கவனித்தால் போதும், உங்கள் உழைப்பு வீணாகாது.

அளவுக்கு வருவோம். பார்க்கும் தூரத்தை 200ஆல் வகுத்தால் வருவதே எழுத்தின் குறைந்தபட்ச உயரம். அலமாரியில் வைத்த உருவத்தை ஒருவர் 60 செ.மீ. தொலைவில் நின்று பார்ப்பார் என்றால் 3 மி.மீ. வேண்டும். தமிழில் இந்த உயரத்தை ‘ட’ போன்ற வெற்று எழுத்தில் அளக்க வேண்டும். ‘லி’யின் கொக்கி மேலே போகும், ‘மு’வின் வால் கீழே இறங்கும், அவற்றையும் சேர்த்து 3 மி.மீ. என்று கணக்கிட்டால் உடல் இரண்டுக்கும் கீழே போய்விடும், நீங்கள் சொன்ன கறுப்புப் பொட்டு பிறப்பது அங்கேதான். எழுத்துருவின் புள்ளி அளவை நம்பாதீர்கள், அது எழுத்துருவுக்கு எழுத்துரு மாறும். அச்சிட்டு, அளவுகோலை வைத்து அளந்து, கூட்டிக் குறைத்து மறுபடி அச்சிடுங்கள்.

உங்கள் முதல் வரி 3 மி.மீ. உடலில் ஏறத்தாழ 37 மி.மீ. நீளம் வரும். இரண்டாவது வரியை 2.2 மி.மீ.க்கு இறக்கலாம். முதல் வரி தூரத்திலிருந்து அழைக்க வேண்டும், இரண்டாவது வரியை அருகில் வந்தவர் படித்துக்கொள்வார். ரோமில் கி.பி. 113இல் எழுப்பப்பட்ட டிராஜன் தூணின் அடிக் கல்வெட்டிலும் மேல்வரி எழுத்துகள் பெரியவை, கீழே வர வர சிறுத்துவிடும். தகட்டை 44க்கு 14 மி.மீ. என்று வெட்டுங்கள். பீடத்தின் 50 மி.மீ. அகலத்தில் இருபுறமும் 3 மி.மீ. மரம் தெரியும், அந்த விளிம்பு இல்லாவிட்டால் தகடு பீடத்தை மூச்சுமுட்ட வைப்பதாகத் தோன்றும்.

எழுத்துரு விஷயத்தில் நான் பிடிவாதக்காரன். தடிப்பும் மெல்லிசும் மாறி மாறி வரும் அலங்கார எழுத்து தாளில் அழகு, பித்தளையில் பாழ். கோட்டின் தடிமன் ஒரே சீராக உள்ள எளிய எழுத்துருவை எடுங்கள். எழுத்துகளுக்கு இடையே கணினி கொடுப்பதைவிடச் சற்று அதிக இடைவெளி விடுங்கள். மெய்யெழுத்தின் புள்ளியைத் தனியாகப் பெரிதாக்குங்கள். சிறிய அளவில் முதலில் காணாமல் போவது அதுதான். எழுத்தை அமிலத்தாலோ மின்சாரத்தாலோ அரித்துத்தான் எடுக்கப் போகிறோம். உள்வெளி அடைபடுவதற்குக் காரணம், அந்த அரிப்பு உலோகத்தைக் கீழ்நோக்கி மட்டும் தின்பதில்லை, பக்கவாட்டிலும் தின்கிறது. ஆகவே பள்ளமாக வெட்டிய எழுத்து வரைந்ததைவிடத் தடிக்கும், மேடாக விட்ட எழுத்து மெலியும். நீங்கள் பள்ள எழுத்துக்கே போங்கள், ஆனால் மெல்லிய கோடுள்ள எழுத்தை எடுங்கள். அரிப்பு அதைத் தடிப்பாக்கிச் சரியான இடத்தில் கொண்டுவந்து நிறுத்தும்.

இனி வேலை. பித்தளைத் தகடு 0.5 முதல் 0.8 மி.மீ. தடிமன் வரை இருக்கட்டும். இறுதி அளவைவிடப் பெரியதாக வெட்டிக்கொள்ளுங்கள், விளிம்பைக் கடைசியில் அரத்தால் சீர்செய்யலாம். 400, 600, 1000 என்று உப்புத்தாளைத் தட்டையான கட்டையில் சுற்றி, நீளவாக்கில் ஒரே திசையில் தேயுங்கள். வட்டமாகத் தேய்த்த கீறல் எத்தனை வார்னிஷ் அடித்தாலும் மறையாது. பிறகு அசிட்டோனால் துடைத்துவிட்டால் அதன்மேல் விரலே படக் கூடாது. கையின் எண்ணெய்ப்பசை இருக்கும் இடத்தில் டோனர், அதாவது லேசர் அச்சுப்பொறியின் மைத்தூள், ஒட்டாது.

கணினியில் கறுப்புக் கட்டம், அதற்குள் வெள்ளை எழுத்து. இதைக் கண்ணாடிப் பிம்பமாகத் திருப்பி, பளபளப்பான பத்திரிகைத் தாளில் லேசர் அச்சுப்பொறியில் அச்சிடுங்கள். அச்சுப் பக்கம் பித்தளையின் மேல் கவிழ, இஸ்திரிப் பெட்டியை நல்ல சூட்டில் வைத்து அழுத்துங்கள். நீராவி வேண்டாம். இழுக்காமல், மேலிருந்து நேராக அழுத்த வேண்டும். இழுத்தால் எழுத்து பூசப்பட்டதுபோல் ஆகிவிடும். ஆறியதும் தண்ணீரில் ஊறவைத்து, தாளை விரல்நுனியால் உருட்டி உருட்டி எடுங்கள். டோனர் பித்தளையில் தங்கியிருக்கும். கறுப்புப் பரப்பில் ஊசித்துளைகள் இருக்கும், எனாமல் வண்ணத்தால் அடையுங்கள். எழுத்தின் ஓரம் பிசிறடித்திருந்தால் ஊசியால் சுரண்டிச் சரிசெய்யுங்கள். பூதக்கண்ணாடி வைத்துக்கொண்டு இந்த இடத்தில் ஒரு மாலைப்பொழுதையே செலவிடலாம், தவறில்லை. ‘கையால் செய்தது’ என்று சொல்லும் உரிமை உங்களுக்குக் கிடைப்பது இங்கேதான்.

அரிப்பதற்கு இரண்டு வழி. ஃபெரிக் குளோரைடு கரைசல் ஒன்று. தகட்டை முகம் கீழ்நோக்கி மிதக்கவிட்டால் அரிபட்ட கசடு தானே விழுந்துவிடும். முகம் மேலே இருந்தால் கசடு பள்ளத்தில் தங்கி அரிப்பைத் தடுக்கும். வெதுவெதுப்பாக இருந்தால் வேகமாக வேலை செய்யும். பிளாஸ்டிக் அல்லது கண்ணாடிப் பாத்திரம் மட்டும், அலுமினியம் கூடவே கூடாது. இந்தத் திரவம் பட்ட துணியும் தரையும் மஞ்சள் பழுப்பாகி அப்படியே நின்றுவிடும். எனக்குப் பிடித்தது இரண்டாவது வழி: உப்புத் தண்ணீரும் குறைந்த மின்னழுத்த நேர்மின்சாரமும். 9 வோல்ட் மின்கலம் போதும். உங்கள் தகடு நேர்முனையில், வேறொரு பித்தளைத் துண்டு எதிர்முனையில், இரண்டும் ஒன்றையொன்று தொடாமல் எதிரெதிரே. தகட்டின் முதுகையும் ஓரங்களையும் ஒட்டுநாடாவால் மூடிவிடுங்கள், இல்லாவிட்டால் அங்கேயும் அரிக்கும். அவ்வப்போது எடுத்துக் கழுவி ஊசிமுனையால் தடவிப் பாருங்கள். ஊசி எழுத்துக்குள் இறங்கி ஓரத்தில் தடுக்கினால் ஆழம் போதும். பத்தில் ஒரு பங்கு மில்லிமீட்டர் வண்ணத்தைப் பிடித்துக்கொள்ளும்.

இந்த மூன்றை விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள். எதிர்முனைக்குத் துருப்பிடிக்காத எஃகைப் பயன்படுத்த வேண்டாம், அதிலுள்ள குரோமியம் தண்ணீரில் இறங்கினால் நஞ்சு. சன்னல் திறந்த இடத்தில் செய்யுங்கள்; ஹைட்ரஜன் வரும், சிறிதளவு குளோரினும் வரலாம். முடிந்த பிறகு மிஞ்சும் பச்சைக் கசட்டில் செம்பு இருக்கிறது, நீர்வாழ் உயிர்களுக்கு அது கேடு. ஃபெரிக் குளோரைடு என்றாலும் இதே கதைதான். சாக்கடையில் ஊற்றாமல் மூடிய புட்டியில் சேர்த்து, அபாயக் கழிவு வாங்கும் இடத்தில் கொடுங்கள். கையுறையும் கண்ணாடியும் சொல்லாமலே தெரியும்.

டோனரை அசிட்டோனால் துடைத்துவிட்டு, எழுத்துப் பள்ளங்களில் கறுப்பு எனாமலை வழிய வழியப் பூசுங்கள். முழுதாகக் காயவிடுங்கள். அவசரப்பட்டால் வண்ணம் பள்ளத்திலிருந்து பிடுங்கிக்கொண்டு வரும். பிறகு 1000 உப்புத்தாளைக் கட்டையில் சுற்றி, ஈரமாக, அதே நீளவாக்கில் தேய்க்க மேற்பரப்பு பித்தளையாகவும் பள்ளம் கறுப்பாகவும் பிரியும். அந்தப் பிரிவு தெரியத் தொடங்கும் கணத்துக்காகவே நான் இந்த வேலையைச் செய்கிறேன் என்று சொன்னால் மிகையில்லை. உடனே மெல்லிய வார்னிஷ், இல்லாவிட்டால் சில வாரங்களில் பித்தளை கறுக்கத் தொடங்கும்.

மண்விரல்

பித்தளை வேண்டாம் என்று சொல்லவில்லை, ஆனால் ரோமனுக்குக் கல்வெட்டு மாதிரி ஒன்று இன்னும் பொருந்தாதா? இருகூறு எபாக்ஸி புட்டியை முகப்பவுடர் தூவிய கண்ணாடிமேல் தட்டையாக உருட்டி, ரப்பர் பதத்துக்கு இறுகும்வரை காத்திருந்து, ஊசியாலும் மெல்லிய உளியாலும் எழுத்தை அழுத்தி எழுதலாம். ஈரமாக இருக்கும்போது எழுதினால் ஓரத்தில் வரப்பு எழும்பும், முற்றிவிட்டால் பிளக்கும். நடுப்பதம் முக்கியம். காய்ந்தபின் சாம்பல் நிறம் அடித்து, நீர்க்கக் கரைத்த கரும்பழுப்பு வண்ணத்தை ஓடவிட்டால் பள்ளங்களில் தங்கி எழுத்து எடுப்பாகத் தெரியும். சொற்பச் செலவு, அமிலம் இல்லை, மின்சாரம் இல்லை. முறிந்த மூலை ஒன்றையும் சேர்த்துவிட்டால் இரண்டாயிரம் ஆண்டுப் பழமை வந்துவிடும்.

அரம்பிடித்தவர்

மண்விரல் சொன்ன நுட்பம் அருமை, குறிப்பாக நடுப்பதம் பற்றியது. ஆனால் அதன் இடம் வேறு என்பேன். கல்வெட்டு காட்சிக்குள் இருக்கும் பொருள். பீடத்தின் மேற்பரப்பில், அந்த வீரன் நிற்கும் உலகத்தில் ஓர் உடைந்த கல்லாக அது கிடக்கலாம். பெயர்த்தகடோ பார்ப்பவருடைய உலகத்தைச் சேர்ந்தது. கடலுக்கும் அலமாரிக்கும் நடுவே உள்ள எல்லை அந்த மரக்கட்டை. தகடு எல்லைக்கு இப்பால் நின்று நம்மிடம் பேசுகிறது. அதற்கும் பழமை பூசி, மூலை உடைத்துவிட்டால் இரண்டு உலகமும் கலந்து, உருவத்தின் நிஜம் குறையும். தவிர, இவன் பிரிட்டன் கரையில் தண்ணீரில் நிற்கிறான். அங்கே கி.மு. 55இல் ரோமக் கல்வெட்டு எதுவும் இருந்திருக்க வழியில்லை. கோட்டை வாசலில் நிற்கும் காவலனுக்கு என்றால் மண்விரல் பக்கம்தான் நானும் நிற்பேன்.

கருந்தூரிகை

இவ்வளவு விரிவாக எழுதியதற்கு நன்றி, ஐயா. ‘முதலில் குதித்தவன்’ என்ற வரியைப் படித்துவிட்டு உருவத்தைத் திரும்பிப் பார்த்தேன். அவன் முகத்தில் இதுவரை நான் தீட்டியிருந்தது வெறும் கோபம். அவன் பின்னால் திரும்பி அழைக்கிறான் அல்லவா? வாயோரத்தையும் புருவத்தையும் மறுபடி தீட்டப் போகிறேன்.

உப்புத் தண்ணீர் முறையையே எடுத்துக்கொள்கிறேன். முதலில் வீண் துண்டு ஒன்றில் ‘ஜி’யையும் ‘லீ’யையும் மட்டும் செய்து பார்க்க எண்ணம்.

இரண்டு சந்தேகம் மிச்சம். தகட்டை ஒட்டுவதா, ஆணி வைப்பதா? அடுத்து செய்யவிருக்கும் உருவத்துக்கு உருண்டைப் பீடம், அங்கே இதே தகட்டை வளைக்க முடியுமா?

வெண்தாள்

ஒட்டுவதென்றால் உடனடிப் பசை வேண்டாம். அதன் ஆவி பளபளப்பான பரப்பில் வெள்ளைப் புகையாகப் படியும், அதுவும் வார்னிஷ் அடித்த தகட்டில். மெல்லிய இருபக்க நாடா அல்லது மெதுவாக இறுகும் எபாக்ஸி நல்லது.

அரம்பிடித்தவர்

வீண் துண்டில் ‘ஜி’யைச் செய்து பார்ப்பது சரியான முடிவு. உங்கள் வாசகத்திலேயே கடினமான எழுத்து அதுதான். அது தெளிந்து வந்தால் மற்றவை தானே வரும்.

பசை விஷயத்தில் வெண்தாளை வழிமொழிகிறேன். எபாக்ஸி என்றால் தகட்டின் முதுகை முரட்டு உப்புத்தாளால் கீறிவிட்டு, நடுவில் மட்டும் வையுங்கள். ஓரம்வரை வைத்தால் பிதுங்கும். ஆணி வைப்பதானால் நான்கு மூலைக்கும் வேண்டாம், இந்த அளவுத் தகட்டுக்கு இடதும் வலதுமாக இரண்டு போதும். துளையை அரிப்பதற்கு முன்பே போட்டுவிடுங்கள், வார்னிஷுக்குப் பின் துளைக்கருவி வழுக்கினால் எல்லாம் போயிற்று. மரத்திலும் ஆணியைவிடச் சற்றுச் சிறிய துளை போட்டு, சுத்தியால் அடிக்காமல் இடுக்கியால் அழுத்தி இறக்குங்கள். அடிக்கும் அதிர்ச்சியில் மேலே நிற்பவனின் கழுகுக் கோல் முறியும். முடிந்தால் உருவத்தைப் பீடத்தில் ஏற்றுவதற்கு முன்பே தகட்டைப் பொருத்திவிடுங்கள்.

உருண்டைப் பீடத்துக்கு 0.8 மி.மீ. தகடு ஆகாது, 0.3க்கு இறங்குங்கள். தகட்டை மங்கிய சிவப்பு வரும்வரை சூடாக்கித் தண்ணீரில் போட்டால் பித்தளை இளகும். இதைத் தேய்ப்பதற்கும் அச்சு ஏற்றுவதற்கும் முன்னால் செய்ய வேண்டும், சூட்டில் மேற்பரப்பு கறுத்துவிடும். தட்டையாக இருக்கும்போதே அரித்து, வண்ணம் நிரப்பித் தேய்த்துவிட்டு, பிறகு ரப்பர் விரிப்பின்மேல் உருண்டையான கழியை வைத்து மெல்ல உருட்டி வளையுங்கள். வளைத்தது சற்றே திரும்பி விரியும், ஆகவே கழியின் சுற்றளவு பீடத்தைவிடக் குறைவாக இருக்க வேண்டும். ஒரே அழுத்தில் வளைத்தால் எழுத்துப் பள்ளங்களின் வரிசையிலேயே தகடு மடியும், அந்த இடத்தில் உலோகம் மெல்லிசு. வார்னிஷ் வளைத்த பிறகுதான்.

உங்கள் உருவம் பழைய ஈயக் கலவையா, பிசினா என்று சொல்லவில்லை. ஈயமாக இருந்து பீடம் ஓக் மரமாக இருந்தால், மூடிய கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்காதீர்கள். ஓக் மரம் வெளிவிடும் அசிட்டிக் அமில ஆவி ஈயத்தை வெள்ளைப் பொடியாக்கும். பித்தளைத் தகட்டைப் பற்றி அந்த அளவுக்குக் கவலை வேண்டாம், மேலே நிற்பவனைப் பற்றித்தான்.

கருந்தூரிகை

உருவம் பிசின், மரம் வால்நட். தகட்டை உருவத்துக்கு முன்பே பொருத்திவிடுகிறேன். நாளை பித்தளை வெட்டுகிறேன்; ‘ஜி’ வந்ததும் படம் போடுகிறேன்.